'தி ரீடர்' வெறும் காதல் படம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'தி ரீடர்' படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2008ல் வந்த படத்தை இத்தனை வருஷம் கழித்தும் நினைவில் வைத்து எழுதியதற்கு நன்றி. ஜெர்மனியில் நடக்கும் கதை: எழுத்துத் தெரியாத ஹன்னாவுக்கும் மைக்கேல் என்ற பள்ளிப் பையனுக்கும் உறவு ஏற்படுகிறது, பல வருஷம் கழித்து, நாஜி முகாமில் காவலாளியாக இருந்ததற்காக அவள் நீதிமன்றத்தில் நிற்பதை அவன் பார்க்கிறான். ஆனால் கட்டுரையாளர் சொன்ன இரண்டு விஷயங்களை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாததை மறைக்க ஒருத்தி ஆயுள் தண்டனையையே ஏற்றுக்கொள்வாளா, நம்பும்படி இல்லை என்கிறார். கடைசியில், இது ஒரு பொருந்தாக் காதலின் சோகக் கதை என்று முடித்துவிடுகிறார்.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். 1990களில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் நடந்தபோது நானும் தொண்டராக இருந்து மாலை வகுப்பு எடுத்தவள். சொல்லிக் கொடுப்பதைவிட, ஆளை வகுப்புக்கு வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எழுத்துத் தெரியாது என்று யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். "கண்ணாடிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்பார்கள். பேங்கில் சலானை நீட்டி, "கை நடுங்குது கண்ணு, நீயே எழுதிக் குடுத்துரு" என்பார்கள். பஸ் போர்டைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரிடம், "இது சத்தி போற வண்டிங்களா?" என்று கேட்பார்கள். நூல் மில்லில் வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு மேஸ்திரி வேலை தேடி வந்தது. சம்பளமும் கூட. வேண்டாம் என்றுவிட்டார். பிறகு ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "நோட்டு எழுதோணுமில்லீங்க அம்மணி."

படத்தில் ஹன்னாவும் அதையேதான் செய்கிறாள். டிராமில் கண்டக்டராக இருப்பவளுக்கு ஆபீஸ் வேலை கொடுக்கிறார்கள். அவள் ஊரைவிட்டே போய்விடுகிறாள். அதற்கு முன்னால் ஒரு காட்சி. மைக்கேலும் அவளும் சைக்கிளில் வெளியூர் போகிறார்கள், சாப்பிட உட்கார்கிறார்கள். மெனு அட்டை அவள் கைக்கு வருகிறது. நீயே சொல்லிவிடு என்று அவனிடம் விட்டுவிடுகிறாள். கேட் வின்ஸ்லெட்டின் முகத்தில் ஒரு நொடி வந்து போகும் கலக்கத்தை நான் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். அந்த நடிப்புக்கு அவருக்கு 2009ல் ஆஸ்கர் கிடைத்தது, தகுந்த பரிசு.

2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். அதே கணக்கில் ஈரோடு மாவட்டம் 73ஐக்கூடத் தொடவில்லை. மஞ்சளும் தறியும் இவ்வளவு காசு புரளவைக்கும் ஊரில் நிலைமை இது. இந்த வெட்கம் என்ன பாடு படுத்தும் என்று தெரிய ஜெர்மனி வரை போகவேண்டியதில்லை.

சரி, அதற்காக ஹன்னாவை மன்னித்துவிடலாமா? முடியாது. ஹன்னா போர்க்காலத்தில் யூதப் பெண்களை அடைத்துவைத்த நாஜி முகாமில் காவலாளியாக இருந்தவள். மாதாமாதம் ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்குத் திருப்பி அனுப்ப அறுபது பெண்களைப் பொறுக்கியபோது, ஆளுக்குப் பத்து என்று பங்கு போட்ட ஆறு பேரில் அவளும் ஒருத்தி. குண்டு விழுந்து பற்றி எரிந்த தேவாலயத்துக்குள் முந்நூறு யூதப் பெண்கள் அடைபட்டுக் கிடந்தபோது கதவைத் திறக்காமல் நின்றவர்களிலும் ஒருத்தி. ஏன் திறக்கவில்லை என்று நீதிபதி கேட்டால், திறந்திருந்தால் கைதிகள் ஓடிப்போயிருப்பார்கள், அவர்களைக் காவல் காப்பது எங்கள் பொறுப்பு என்று சாதாரணமாகச் சொல்கிறாள். எழுத்துத் தெரியாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் வகுப்புக்கு வந்த பெண்களில் பலருக்குத் தங்கள் பெயரை எழுதத் தெரியாது. அடுத்த வீட்டுக் குழந்தை பசியோடிருந்தால் கூப்பிட்டுச் சோறு போடத் தெரியும். படிப்பில்லாதவள் அதனால்தான் கொடுமை செய்தாள் என்று யாராவது இந்தப் படத்தைப் புரிந்துகொண்டால், அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அவமானம். அமெரிக்க எழுத்தாளர் சிந்தியா ஓசிக் மூல நாவலைக் கடுமையாக விமர்சித்ததும் ஏறக்குறைய இந்தக் காரணத்துக்குத்தான். முகாம்களைத் திட்டம் போட்டு நடத்தியவர்கள் படித்தவர்கள், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்கூட அவர்களில் இருந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஹன்னா மறைத்த விஷயம் அவள் தண்டனையைத்தான் கூட்டியது, குற்றத்தைக் குறைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. தீ விபத்து அறிக்கையை எழுதியது இவள்தான் என்று கூட நின்ற காவலாளிகள் கைகாட்டுகிறார்கள். கையெழுத்து மாதிரி கேட்டதும், நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிறாள். அவளுக்கு ஆயுள், மற்றவர்களுக்குச் சில வருஷம்.

இனிக் காதலுக்கு வருகிறேன். பையனுக்கு வயது 15, அவளுக்கு 36. நம் நாட்டில் 2012ல் வந்த, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அப்படியிருக்க இதைக் காதல் காவியம் மாதிரி வருணித்தது எனக்கு வருத்தம். அந்தப் பையன் வாழ்நாள் முழுக்க யாரோடும் ஒட்டாமல் போவதைப் படமே காட்டுகிறது. மனைவியோடும் வாழமுடியவில்லை, மகளோடும் நெருக்கமில்லை.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை படமே அதுதான். 1966ல் மைக்கேல் சட்டம் படிக்கிற மாணவன், வழக்கைப் பார்க்க வகுப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறான். அவளால் அந்த அறிக்கையை எழுதியிருக்கவே முடியாது என்பது அவனுக்கு அங்கே புரிந்துவிடுகிறது. தனக்கு ஒன்று தெரியும் என்று பேராசிரியரிடம் சொல்கிறான், அதைச் சொல்லவேண்டியது உன் கடமை என்கிறார் அவர். சிறைவரை போய், பார்க்காமல் திரும்பி வருகிறான். வாய் திறந்தால் அவளோடு தனக்கு இருந்த உறவும் வெளியே வரும். அவள் தன் வெட்கத்துக்காகப் பொய் சொன்னாள், அவன் தன் வெட்கத்துக்காக மௌனம் சாதித்தான்.

நாவலை எழுதிய பெர்ன்ஹார்ட் ஷ்லிங்க் சட்டப் பேராசிரியர், நீதிபதியாகவும் இருந்தவர். 1944ல் பிறந்த அவர் தலைமுறைக்கு, வீட்டுப் பெரியவர்களிடம் போர்க்காலத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கவேண்டிய நிலை வந்தது. 1963 முதல் 1965 வரை பிராங்பர்ட்டில், ஆஷ்விட்ஸ் முகாமில் வேலை பார்த்தவர்கள்மேல் நடந்த வழக்குதான் பல வீடுகளில் அந்தக் கேள்வியைக் கிளப்பியது. படத்தில் வரும் வழக்கு கற்பனை. அந்தக் கேள்வி உண்மையானது.

எங்கள் கொங்குச் சீமையில் அந்தக் கேள்வியை யார் கேட்பது? வேறு சாதிப் பையனை விரும்பிய பெண் திடீரென்று இறந்துபோவாள். வயிற்று வலி தாங்காமல் செத்துப்போனாள் என்பார்கள். தெருவுக்கே விஷயம் தெரிந்திருக்கும். கேதத்துக்குப் போவார்கள், சடங்கு முடியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில், சாதி மாறிக் கட்டிக்கொண்ட தம்பதியை வெட்டினார்களே, கணவர் இறந்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவானதால் நாடே பார்த்தது. கேமரா இல்லாத ஊர்களில் நடந்தவற்றுக்கு அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் சாட்சி. அவர்களும் குடும்ப மானம், ஊர் மானம் என்று சும்மா இருக்கிறார்கள். மைக்கேல் நீதிமன்றத்தில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முகாமிலிருந்து பிழைத்து வந்த பெண் ஒருத்தி படக் கடைசியில் வருகிறாள். கட்டுரையில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிறையில், மைக்கேல் கதைகளை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பிய ஒலிநாடாவையும் சிறை நூலகத்துப் புத்தகத்தையும் சேர்த்துவைத்து ஹன்னா தானே எழுத்துக் கற்றுக்கொள்கிறாள், விடுதலைக்கு முன்பு உயிரை விடுகிறாள். தன் சேமிப்பை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறாள். மைக்கேல் நியூயார்க் வரை போய்க் கொடுத்தும் அவள் வாங்கவில்லை. வாங்கினால் மன்னித்ததாக ஆகிவிடும். அவள் செய்ததுதான் சரி. பணம் இருந்த டப்பாவை மட்டும் வைத்துக்கொள்கிறாள், பணம் எழுத்தறிவுப் பணிக்கு என்று முடிவாகிறது. கற்றுக்கொண்டதில் ஹன்னாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து என் கண் கலங்கியது உண்மை. ஆனால் வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்துக் கற்றுக்கொண்டது அந்த முந்நூறு பேருக்கு ஈடாகாது.

இந்தப் படத்தைப் பற்றி உங்கள் இதழில் மறுபடியும் ஒரு கட்டுரை வந்தால், ஹன்னாவையும் மைக்கேலையும் விட்டுவிட்டு, பிழைத்து வந்த அந்தப் பெண்ணிலிருந்து தொடங்கி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.