அம்மாவிடமே கேட்டிருக்கலாம்

முதியவர்களுக்கு இதய சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 82 வயதில், இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைக்க, அந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேபுக்குள் கூட்டிப்போனார்கள். அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. "அட்டெண்டர் யாரு? பிரஷர் இறங்குது, எக்மோ போடணும், கையெழுத்துப் போடுங்க."

எக்மோ என்றால் எனக்குத் தெரிந்தது 2016இல் ஜெயலலிதாவுக்கும் 2020இல் எஸ்.பி.பி.க்கும் வைத்தார்கள் என்ற செய்தி மட்டும்தான். போட்டேன். அம்மா ஒன்பது நாள் ஐசியூவில் இருந்து, இறந்துபோனார். உங்கள் கைத்திறனைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். தொடையிலுள்ள சிரையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தமனிக்குள் திருப்பி அனுப்புகிற கருவி அது. குழாய்கள் தடிமனானவை. ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் ஓட வேண்டும். சுண்ணாம்பு படிந்த வயதான தமனியில் இதெல்லாம் எவ்வளவு சிக்கல் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரியாது. மாரடைப்பால் ரத்த ஓட்டம் சரிந்தவர்களிடம் ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. 30 நாளில் இறந்தவர்கள் எக்மோ வைத்தவர்களில் 47.8 சதவீதம், வைக்காதவர்களில் 49. எக்மோ வைத்தவர்களிடம் பெரிய ரத்தக்கசிவோ இரண்டு மடங்குக்கு மேல். 80 வயதைத் தாண்டியவர்களை அதில் சேர்க்கவே இல்லை.

சிகிச்சையின் நடுவே திடீரென்று சரிபவர்கள் கதை வேறு, ஐந்து நிமிடம் தாங்கிப் பிடித்தால் அடைப்பைத் திறந்துவிடலாம் என்பீர்கள். சரிதான். இதயத்துக்குள்ளேயே வைக்கும் இம்பெல்லா என்ற சின்ன பம்ப், 2024இல் வந்த ஆய்வில் மாரடைப்பால் ரத்த ஓட்டம் சரிந்தவர்களின் ஆறு மாத இறப்பை 58.5இலிருந்து 45.8 சதவீதமாகக் குறைத்ததையும் படித்தேன். அதிலும் ரத்தக்கசிவும் டயாலிசிஸும் கூடின. ஆகவே பம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை அம்மா கட்டிலில் உட்கார்ந்து, சர்க்கரை போதவில்லை என்று கேன்டீன் காபியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் அம்மாவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். "நடுவில் இதயம் நின்றால் மெஷின் வைக்கட்டுமா? வைத்தும் தேறவில்லை என்றால் எத்தனை நாள் பார்க்கலாம்? உங்களால் பேச முடியாதபோது யாரிடம் கேட்கட்டும்?" இந்த மூன்றையும் நோயாளியிடமே கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எங்களிடம் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்ட ஒரு மகன்