கேள்வித்தாள் பற்றி நீ கேட்டதற்கு

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. செந்தூல் வீட்டை விற்கப்போவதில்லை என்று எழுதியிருந்தாய், மனத்துக்கு நிறைவாக இருந்தது. இங்கே இவருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நாளிதழைத் தாமே படிக்கிறார். மகள் பாயான் லெப்பாஸில்தான் இருக்கிறாள், வாரக்கடைசியில் பிள்ளைகளோடு வந்துவிடுவாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம், தமிழ் இரண்டுக்கும் தாள் தயாரிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது, நல்ல கேள்வித்தாள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர், "யுபிஎஸ்ஆர் இருந்தபோதாவது பிள்ளையின் நிலை தெரிந்தது" என்று வருத்தப்பட்டதாகச் சொல்கிறாய். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய அந்த அரசுத் தேர்வு 1988 முதல் இருந்தது. 2021இல் அதை எடுத்தார்கள், மறு ஆண்டே மூன்றாம் படிவத்துப் பிடி3 தேர்வும் போனது. இப்போது ஆசிரியரே செய்யும் வகுப்பறை மதிப்பீட்டில், ஆறு நிலைகளுள் தர அடைவு 4 என்று போட்டுக் கொடுத்தால் பல பெற்றோருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் எத்தனை 'ஏ' என்ற கணக்கு மட்டும் எதை விளக்கியது? பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. முடிவு கைக்கு வரும்போது பிள்ளை நம் பள்ளியை விட்டே கிளம்பிக்கொண்டிருக்கும்.

தாளைத் திருத்தி முடித்த ஆசிரியருக்கு, நாளைக்கு எந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும். அப்படித் தெரியவைக்கும் தாள்தான் என்னைப் பொறுத்தவரை நல்ல தாள். அதற்குத் தவறான விடைகளும் நம்மோடு பேச வேண்டும்.

தசமத்தையே எடுத்துக்கொள். "0.35, 0.42 இவற்றுள் பெரியது எது?" என்று கேட்டால் வகுப்பே 0.42 என்று எழுதிவிடும். புள்ளியைக் கண்டுகொள்ளாமல் 35ஐயும் 42ஐயும் ஒப்பிட்ட பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போய்விடும். அதற்குப் பதிலாக 0.4, 0.35 என்று கொடுத்துப் பார். அந்தப் பிள்ளை 0.35தான் பெரியது என்று எழுதும். இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக்கூட எண் சிறியதாகிவிடும் என்று பாதி புரிந்துவைத்திருக்கும். அது 0.4 என்று சரியாகவே எழுதிவிடும், காரணம்தான் தப்பு. அதைக் கண்டுபிடிக்க 0.3, 0.45 என்ற ஜோடியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் பிள்ளை ஒரு ஜோடியில் தவறும், இரண்டாம் பிள்ளை மற்றதில் தவறும், புரிந்த பிள்ளை இரண்டையும் சரியாகப் போடும். இரண்டே வரியில் வகுப்பை மூன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் புறவயக் கேள்வியிலும் இதேதான். 1/2 + 1/3 என்று கேட்டால் 5/6க்குப் பக்கத்தில் 2/5 கட்டாயம் இருக்க வேண்டும். மேலும் கீழும் அப்படியே கூட்டுகிற பிள்ளை அதைத்தான் எடுக்கும். 2/6ம் இருக்கட்டும், அது பகுதியை மாற்றிவிட்டுத் தொகுதியை மறந்த பிள்ளைக்கு. நான்காவது விடைக்கு நல்ல தவறு எதுவும் அகப்படவில்லை என்றால் மூன்றோடு நிறுத்து. ஒப்புக்குச் சேர்த்த விடையை எந்தப் பிள்ளையும் தொடாது.

தமிழில், பனுவலைப் படித்து விடை எழுதும் கருத்துணர்தல் கேள்விகள்தான் எனக்குப் பெரிய கவலை. "மிங்கன் தொறலில் பவுக்கினான். மிங்கன் எங்கே பவுக்கினான்?" என்று கேட்டால், 'தொறலில்' என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது, ஆனாலும் மதிப்பெண் கிடைக்கிறது! நம் தாள்களில் பாதிக் கேள்விகள் இந்த ரகம். பனுவலில் நேராகச் சொல்லாத ஒன்றை, படித்ததை வைத்து ஊகிக்கிற மாதிரி கேள். அப்புறம், நீளமான கணக்கு எல்லாம் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி ஆகிவிடாது. கணக்கை ஆறு வரிக் கதையாக நீட்டினால் கணிதத்தை விட்டுவிட்டு வாசிப்பைச் சோதித்துக்கொண்டிருப்போம். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போன நம் பிள்ளைகள், கணக்குத் தெரிந்தும் மலாய் வாக்கியம் புரியாமல் மதிப்பெண்ணை இழந்ததை நீயும் பார்த்திருக்கிறாய்.

கட்டுரைக்கு வருவோம். 1912இலேயே அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேல் வித்தியாசம் வந்தது. அடுத்து வடிவியல் தாளைக் கொடுத்தால் அதைவிட மோசம். அதனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தாள் எழுதும்போதே முடிவு செய். பெயரை மறைத்துவிட்டு, எல்லாருடைய முதல் கேள்வியையும் திருத்தி முடித்த பிறகு இரண்டாவதற்குப் போ. சில கட்டுரைகளைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்து ஒத்துப்போகிறதா என்று பார்.

எந்தப் பாடப்பகுதிக்கு எத்தனை கேள்வி என்று திட்டமிடும் ஜேஎஸ்யு அட்டவணை போடுவது உனக்குப் பழகிய வேலை. கற்றல் தரம் எதுவும் விடுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மாதத் தேர்வு வேண்டும் என்று பெற்றோர் கேட்பதை ஒரேயடியாக மறுக்காதே. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள் என்பதையும் கவனி. ஆகவே அடிக்கடி சிறு சிறு தேர்வு நல்லதுதான். ஆனால் மதிப்பெண்ணைப் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்ட வேண்டாம். யார் கடைசி என்று தெரிந்துகொண்ட பிள்ளை, விடையை எழுதுவதைவிட மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

அச்சடிப்பதற்கு முன் வேறு வகுப்பிலிருந்து நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து யோசிக்கச் சொல். எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்டாலே எந்தக் கேள்வியை மாற்றுவது என்று தெரிந்துவிடும். முடித்ததும் எனக்கும் வாட்சாப்பில் அனுப்பு. பேரன் ஐந்தாம் ஆண்டுதான் படிக்கிறான், வாரக்கடைசியில் அவனோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பினாங்குத் தோழி