நீ பார்க்காத அந்தக் கோல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான், தைலம் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள். வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நீ பார்த்ததும் இரண்டு நீலக் கோடு வந்துவிடும். அப்புறம் பதில் வருகிறதா என்று ராத்திரி முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டால் அந்தத் தவிப்பு இல்லை. சேரும்போது சேரட்டும்.

பொங்கலன்று நீ பேசியது நாலு நிமிஷம். அதற்கப்புறம் பதினெட்டு நாள் ஆகிறது என்று அம்மா கணக்குச் சொல்கிறாள். நடுவில் "பிஸிம்மா" என்று ஒரு மெசேஜ். வேலை அதிகமாக இருக்கும், புரிகிறது. வேலை அதிகமாக இருப்பது நல்லதுதான். வேலை இருப்பது நல்லது. வேளாவேளைக்குச் சாப்பிடு. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலேயே காதில் குளிர் ஆகாது.

நான் வேறு எதையும் கேட்க இதை எழுதவில்லை. ஒரு மேட்சைப் பற்றிச் சொல்லத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை டிவியில் யூடியூப் வருகிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறார். தேடி எடுத்து, 2015 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து பைனலைப் பார்த்தேன். சென்னையும் கோவாவும். டிசம்பர் 20, பெரம்பூரில் பெரியம்மா வீட்டு ஹாலில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோமே, அது. அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த ஈர நாற்றம்கூட ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் நம்ம டீம் ஜெயிக்கும் என்று யார் நினைத்தார்கள்? முந்தின வருஷம் பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டு, செமி பைனலில் கேரளாவிடம் தோற்று வந்தவர்கள். 2015இல் அதற்கு நேர்மாறு. பத்து மேட்ச் முடிந்தபோது பத்தே புள்ளி, கடைசி இடம். மாடிவீட்டு டீச்சர் "உங்க டீம் மூட்டை கட்டிட்டாங்களா சார்" என்று கேட்டதும், நீ கோபத்தில் அவர்கள் வீட்டுப் பேப்பரை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன் என்றதும் நினைவிருக்கிறதா? மிச்சம் இருந்தது நாலு மேட்ச். நாலையும் ஜெயித்தார்கள். கோச் மாட்டராட்சி அந்தப் பையன்களிடம் என்ன சொன்னாரோ, என்ன செய்தாரோ, கடைசி இடத்திலிருந்த ஒரு கூட்டம் செமி பைனலில் வந்து நின்றது.

அதற்குள் இங்கே வெள்ளம். டிசம்பர் 1 ராத்திரி. அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீல வாளியை மாடிப்படியில் மிதக்கப் பார்த்தவன் நீ. ஊர் இருந்த நிலைமையில் இங்கே மேட்ச் நடத்த முடியாமல், நம்ம சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய முதல் செமி பைனல் மேட்சைப் புனேயில் போய் ஆடினார்கள். அதுவும் முந்தின வருஷம் கோப்பை வாங்கிய கொல்கத்தாவோடு. மூன்றுக்கு பூஜ்யம்! வீடில்லாமல் பெரியம்மா வீட்டில் பாயில் படுத்திருந்த நமக்கு அந்த மூன்று கோல் என்ன தெம்பு கொடுத்தது. அப்புறம் கொல்கத்தாவில் போய் 2-1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2, பைனலுக்கு வந்தாயிற்று.

பைனல் யாரோடு? பட்டியலில் முதலிடம் பிடித்த கோவாவோடு. எங்கே? அவர்கள் ஊரிலேயே, மட்காவ் ஃபடோர்டா மைதானத்தில். அவர்கள் கோச் யார்? பிரேசில் ஆட்டக்காரர் ஜிகோ. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பேப்பரிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்த அதே ஜிகோ.

மேட்சை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன் தம்பி. இத்தனை வருஷமாக அந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் மெண்டோசாவின் கதையாகத்தான் சொல்லியிருக்கிறேன். பதிமூன்று கோல் அடித்து அந்த சீசனில் கோல்டன் பூட் வாங்கியவன், இஞ்சுரி டைமில் அடித்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவன். இந்தத் தடவை ஏனோ என் கண் அவனிடம் போகவில்லை. கோவா கோல்கீப்பரிடமே போனது. கட்டிமணி.

54ஆவது நிமிஷம் நமக்குப் பெனால்டி. பெலிசாரி அடித்ததைக் கட்டிமணி தடுத்துவிட்டார், திரும்பி வந்த பந்தைத்தான் பெலிசாரி மறுபடி உள்ளே தள்ளினார். நாலு நிமிஷத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். கொஞ்ச நேரத்தில் நமக்கு இன்னொரு பெனால்டி, மெண்டோசா அடித்தான். அதையும் கட்டிமணி தடுத்துவிட்டார். ஒரு பைனலில் இரண்டு பெனால்டியைத் தடுத்த ஆள்! 87இல் ஜோஃப்ரே கோல் போட, கோவாவுக்கு 2-1. மைதானமே எழுந்து ஆடுகிறது. மேட்ச் அப்படியே முடிந்திருந்தால் அந்த ராத்திரி கட்டிமணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

முடியவில்லை. 90ஆவது நிமிஷம், கோல் வாசலில் வந்த பந்தைத் தட்டிவிடப் போய், தன் வலைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

அப்போது நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. குதித்தேன். பெரியம்மாவின் ஊஞ்சல் சங்கிலியில் தலையை இடித்துக்கொண்டேன். கைதட்டிச் சிரித்து, "இவனையெல்லாம் எவன்டா கோல்கீப்பரா நிக்க வெச்சது, கையில என்ன வெண்ணெயா" என்றேன். பெரியப்பாவும் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். நீ எழுந்து போனாய்.

அதற்கடுத்து மெண்டோசா கோல். 3-2. கோப்பை நமக்கு. தெருவில் பட்டாசு. "தம்பி எங்கே, தம்பி எங்கே" என்று தேடினோம். நீ பாத்ரூம் போயிருந்தாய் என்று யாரோ சொன்னார்கள். "சென்னை ஜெயிச்ச கோலைப் பார்க்காம பாத்ரூம்ல இருந்தவன்" என்று இத்தனை வருஷமாக உன்னைக் கேலி செய்கிறோம். அக்கா கல்யாணத்தில்கூட அந்தக் கதையைச் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டாய்.

நீ மொட்டைமாடிக்குப் போயிருந்தாய். எனக்கு அன்றைக்கே தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் படியில் நின்று பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கீழே வந்து, யாரோ சொன்ன பாத்ரூம் கதைக்குத் தலையாட்டிவிட்டேன்.

ஏன் என்று எனக்குத் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் நடந்த உன்னுடைய ஜோனல் செமி பைனல். காலையில் மழை பெய்து கிரவுண்டு சொதசொதவென்று இருந்தது. முதல் பாதியில் நீ தடுத்தது மூன்று. அதில் ஒன்று, வலது மூலைக்குப் பாய்ந்து விரல் நுனியால் தள்ளிவிட்டாய், கோச் சார் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று, உன்னிடம் சொன்னதில்லை. கடைசியில் ஒரு சாதாரணப் பந்து, உருண்டு வந்த பந்து, ஈரக் கிளவுஸில் நழுவிக் காலுக்கு நடுவே போய்விட்டது. தோற்றோம். நீ வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாய். நந்தனம் சிக்னலில் "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டாய். காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

அம்மா பதினெட்டு நாள் என்று எண்ணுகிறாளே, அன்றைக்கு நான் உன்னிடம் பேசாமல் இருந்தது ஒன்பது நாள். நீயும் எண்ணியிருப்பாய். பதினைந்து வயதுப் பிள்ளை. நான் திட்டியிருந்தாலாவது அழுது முடித்திருப்பாய். சாப்பாட்டுத் தட்டை அம்மா வழியாக நகர்த்தி, தண்ணீர் வேண்டுமா என்பதை அக்கா வழியாகக் கேட்டு, ஒன்பது நாள். ஒரு பந்து நழுவியதற்கு. ஒரு விஷயம் தப்பாகப் போய்விட்டால் இந்த வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது, ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று உனக்கு அப்போது நான்தான் காட்டிக்கொடுத்தேன். இதை ஞாயிற்றுக்கிழமை அந்த டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் உணர்ந்தேன். அதற்கப்புறம் மேட்சை நிறுத்திவிட்டேன். மெண்டோசா கோலை நானும் இந்தத் தடவை பார்க்கவில்லை.

வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடும்போது நீ மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டது அந்தக் கிளவுஸ்தான். "சர்டிபிகேட் ஃபைலை விட்டுட்டு இதையா எடுத்தே" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினேன். அந்தக் கிளவுஸை ஜனவரியில் நீயே அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாய். பப்ளிக் எக்ஸாம் வருகிறது, இனி ஆட்டம் வேண்டாம் என்றாய். நான் சந்தோஷப்பட்டேன். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஆபீஸில் பெருமையாகச் சொன்னேன். நீ நன்றாகப் படித்தாய், நல்ல மார்க் வாங்கினாய், இந்தத் தெருவிலிருந்து டொரோண்டோ போன முதல் பிள்ளை நீ. அதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சமில்லை. ஆனால் போனவன் பொங்கலுக்கு நாலு நிமிஷம் பேசுகிறாய். அம்மாவுக்காகவாவது இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் கட்டிமணி அப்புறம் என்ன ஆனார் என்று தேடினேன். 2022 மார்ச் 20. ஐ.எஸ்.எல். பைனல், ஹைதராபாத்தும் கேரளாவும். ஹைதராபாத் கோல்கீப்பர் அவர். 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. அங்கே மூன்றைத் தடுத்தார். கேரளாவின் நிஷு குமார் அடித்ததைத் தடுத்ததும், கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார் என்று ரெஃபரி மறுபடி அடிக்கச் சொன்னார், அதையும் தடுத்தார். 3-1, கோப்பை ஹைதராபாத்துக்கு. எந்த மைதானம் தெரியுமா? அதே ஃபடோர்டா. அந்த 90ஆவது நிமிஷத்துக்கு ஆறு வருஷம் மூன்று மாதம் கழித்து, அதே ஊர்ப் புல்லில். நடுவில் அவர் வீட்டில் அவரிடம் யார் பேசினார்களோ, யார் பேசாமல் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. கிளவுஸை அலமாரிக்கு மேல் போடாமல் இருந்திருக்கிறார். பார்த்ததும் உன்னிடம் உடனே சொல்லவேண்டும் போல் இருந்தது. மணி பார்த்தேன், உங்கள் ஊரில் விடியற்காலை. விட்டுவிட்டேன்.

கடைக்குப் போனபோது உன் கூடப் படித்த பையனுடைய அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் நிறைய பேரை வேலையை விட்டு எடுத்துவிடுகிறார்களாமே என்றார். இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. என் பி.எஃப். பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது, எனக்கும் அம்மாவுக்கும் பென்ஷனே போதும், இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன். உன் அறையும் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் வெள்ளையடித்தோம்.

அலமாரிக்கு மேலிருந்து கிளவுஸை எடுத்துப் பார்த்தேன். இடது கையில் கட்டைவிரல் பக்கம் ரப்பர் உதிர்ந்து போயிருக்கிறது. துடைத்து நிழலில் காயவைத்துப் பவுடர் போட்டு வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ரசப்பொடி தீர்ந்திருந்தால் சொல், அக்கா வீட்டுக்காரரின் நண்பர் யாரோ மாசிக் கடைசியில் அங்கே வருகிறாராம். காதை மூடிக்கொண்டு போ.

நான் இப்போதெல்லாம் காலையில் நாலரைக்கே எழுந்துவிடுகிறேன். உங்களுக்கு அப்போது சாயங்காலம் ஆறு மணி. அம்மா எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அப்பா