வாசகர் வட்டம், டப்ளின்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு ஒன்பது கூட்டங்கள் நடந்தன. பொங்கல் விழா, சிறுவர் கதை நேரம், நடுவில் இரண்டு மாதம் அறை கிடைக்காமல் அலைந்தது எல்லாம் நீங்கள் அறிந்ததே. அக்டோபர் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கருக்கலைப்புக்காக வெளிநாடு போகும் உரிமையைத் தந்த, அயர்லாந்து அரசமைப்பின் 1992ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம்தான் அன்றைய பேச்சு. நாற்காலி போதாமல் சிலர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார்கள்.

நம்மில் பலர் அதற்கு வெகுகாலம் பிறகே இங்கு வந்தவர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கருவின் உயிருரிமை 1983 வாக்கெடுப்பில் அரசமைப்புக்குள் வந்தது. 1992 பிப்ரவரியில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 14 வயதுச் சிறுமியைப் பெற்றோர் கருக்கலைப்புக்காக இங்கிலாந்து அழைத்துப் போனார்கள். கருவின் திசு குற்றவாளிக்கு எதிரான சான்றாகுமா என்று அவர்கள் காவல்துறையிடம் கேட்டதில்தான் அரசுக்குத் தெரிந்தது. ஒன்பது மாதம் அவள் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது; காரணங்களை மார்ச் 5 அன்று சொன்னது. ஆனால் அவள் தற்கொலை செய்துகொள்ளக்கூடும், உயிருக்கு ஆபத்து என்பதே காரணம். அந்த ஆபத்து இல்லாதவளைப் போகவிடாமல் நிறுத்தலாமா? அந்தக் கேள்விக்காகவே திருத்தம்.

நவம்பர் 25, பொதுத்தேர்தலோடு சேர்த்து மூன்று வாக்கெடுப்புகள். கருக்கலைப்புக்குத் தற்கொலை ஆபத்தைக் காரணமாக ஏற்க மறுத்த முன்மொழிவு தோற்றது. கருக்கலைப்புக்காக வெளிநாடு போகும் உரிமை, வெளிநாட்டில் கிடைக்கும் அச்சேவை பற்றித் தகவல் பெறும் உரிமை இரண்டும் வென்றன. பயணத்துக்கு 62 விழுக்காடு.

இந்தியாவில் அரசமைப்புத் திருத்தத்துக்கு மக்களைக் கேட்பதில்லையே என்று மதுரைக்காரர் ஒருவர் வருந்தினார். உடனே யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், “எங்களிட்டயும் 82இல கேட்டவங்கள் தம்பி, விளக்கோ குடமோ எண்டு. பாராளுமன்றத்துக்கு இன்னும் ஆறு வருசம் குடுத்ததுதான் மிச்சம்” என்றார். இலங்கையின் 1982 வாக்கெடுப்பில் ஆம் என்பதற்கு விளக்கும் இல்லை என்பதற்குக் குடமும் சின்னம். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

செவிலியராக இருக்கும் அக்கா ஒருவர் கேட்டதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. “டிக்கெட்டுக்குக் காசில்லாதவளும், அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த விசா இல்லாதவளும் எங்கே போவாள்?” 2018 வாக்கெடுப்பில் 1983இன் பிரிவு நீங்கியபோது இந்தப் பயண உரிமை வாசகமும் சேர்ந்தே போனது. அதுவரை அந்த உரிமை கப்பலுக்கும் விமானத்துக்கும் காசு உள்ளவர்களுக்கே உதவியது என்பது என் கருத்து. தலைவர் இதற்கு உடன்படவில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

அப்புறம், நமது சந்தா விதித் திருத்தம். போதிய உறுப்பினர் வராததால் இரண்டாம் ஆண்டாக வாக்குக்கே வரவில்லை. அக்டோபரில் வந்தவர்களில் பாதிப் பேர் வந்தால் போதும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்