பாப்பாவுக்கு, சின்னப்பாலத்திலிருந்து அம்மா

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் செபப் பேச்சை எடுத்தாலே "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசினார். பூசை முடியும்வரை நீ வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாயாம். அவரைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். கோயிலை விடு. வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் தனியாகச் செபம் சொல்கிறாயா? செபமாலையின் 53 மணியும் சொல்ல இருபது நிமிடம் ஆகும், உன் வேலைக்கு அது முடியாது, தெரியும். ஒரு பத்து மணி சொல். ஐந்து நிமிடம் ஆகுமா? அலாரம் வைத்துக்கொள். சேசுவே இருட்டோடு எழுந்து தனி இடத்துக்குப் போய்த்தான் செபித்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அங்கேயும் சீடர்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள் பார். அவருக்கே ஆட்கள் நேரம் விடவில்லை.

நான் மட்டும் நேரம் கிடந்தவளா? அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், விடியும் முன்னே படகேறித் தீவுப் பக்கம் போய், விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தவள். ஒரு முங்குக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. மூச்சு முட்டுகிறதற்குள் முடிந்துவிடும், ஆமெனை மேலே வந்து சொல்வேன். அந்தப் பாசிக் காசில்தான் நீ நர்சிங் படித்தாய். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உன்னைப் போல வலிக்காமல் ஊசி போட ஆள் இல்லை என்று உங்கள் வார்டில் சொன்னார்களாமே, அதைத் தெருவில் மூன்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

2025 ஏப்ரலுக்கு முன்னால், ஊருக்கு வராததற்குப் பாம்பன் பாலத்தைக் காரணம் சொன்னாய். ராமநாதபுரத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து யார் வருவது என்றாய். புதுப் பாலம் திறந்தாயிற்று, ராத்திரி எழும்பூரில் ஏறினால் ரயில் கடலைத் தாண்டி இங்கேயே கொண்டுவந்து விடுகிறது. நீதான் வரவில்லை. இந்த வருஷம் பிப்ரவரி 4-க்கு ஓரியூருக்கு நாங்களும் போகவில்லை. அங்கே புனித அருளானந்தர் 1693-ல் இரத்தம் சிந்திய இடத்துச் செம்மண், போன தடவை நீ விட்டுப்போன பொட்டலம், அலமாரியில் அதே தட்டில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.

உன் அப்பத்தா 64 புயலில் தனுஷ்கோடியிலிருந்து கழுத்துச் செபமாலையோடு மட்டும் வந்து சேர்ந்தவர். கடைசிவரை அவருக்கு 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்கும் பழைய மரியன்னை செபம்தான், நீங்களெல்லாம் கேலி செய்வீர்கள். அந்த ராத்திரி என்ன செபம் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சொல்ல வாய் எங்க இருந்துச்சு" என்றார். எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை.

பாப்பா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை தங்காமல் போன அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து நீயே போன் பண்ணினாய். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் முதலில் என்ன கேட்டேன்? "தினமும் செபம் சொன்னியாடி?" என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாய். பாசிக்கு எடை போடுகிறவர் மாதிரி பெற்ற பிள்ளையிடம் கணக்குக் கேட்டேன். செபம் குறைந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் உன் காதில் அப்படித்தானே விழுந்திருக்கும்.

உனக்கு முன்னால் எனக்கு ஒன்று ஆனது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் எப்படி இருந்தேன் என்று அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீருக்குள் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே வாய் மூடித்தானே இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது? மேலே வந்து ஆமென் மட்டும் சத்தமாகச் சொல்வேன், கூட வந்தவர்கள் கேட்கட்டும் என்று. அப்படிப்பட்டவள் உன்னைக் கேட்டேன்.

88-வது திருப்பாடலை எடுத்துப் பார். முதலிலிருந்து கடைசிவரை அழுகைதான். மற்றப் பாட்டுகள் மாதிரி கடைசியில் நன்றி சொல்வதுகூட இல்லை, இருட்டில்தான் முடிகிறது. அதையும் எடுக்காமல் வேதப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மூடி வை. கோபம் இருந்தால் கோபத்தோடு படி. ஐந்து நிமிடம்கூட ஆகாது. பார்த்தாயா, மறுபடியும் நிமிடக் கணக்குக்கே வந்துவிட்டேன்.

மேலவீட்டு அக்கா மகன் வெள்ளிக்கிழமை சென்னைக்கு வருகிறான். நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறேன், உப்பு குறைத்துத்தான் போட்டேன். வந்து சேர்ந்ததும் போன் பண்ணு. நான் செபத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டால் நீ உடனே வைத்துவிடு, நான் மறுபடி கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு
அம்மா