அது பஃப்ஸ் இல்லை, பனிட்சா

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் சமையல் பக்கத்தில் பால்கன் நாடுகளின் சீஸ் பலகாரங்களைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கணவரின் வேலைக்காக மூன்று வருஷம் பல்கேரியாவின் சோஃபியாவில் இருந்தோம், காலையில் தெருமுனைக் கடையில் சூடாகப் பனிட்சா (மெல்லிய மாவுத் தாள்களுக்குள் சீஸ் வைத்துச் சுடும் பலகாரம்) வாங்கித் தின்று பழகிய நாக்கு இது. ஆனால் கட்டுரை பனிட்சா, போஸ்னியா, செர்பியா பக்கத்துப் புரெக், கிரேக்கர்களின் டிரோபிடா எல்லாவற்றையும் ‘சீஸ் பஃப்ஸ்’ என்று ஒரே பெயரில் அடைத்துவிட்டது. செய்முறையிலும் பேக்கரி பஃப் ஷீட், மொசரெல்லா என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தப்பு.

பஃப்ஸ் மாவில் வெண்ணெயை உள்ளே வைத்து மடித்து மடித்துத் தேய்ப்பார்கள், அது அடுப்புக்குள் போன பிறகுதான் அடுக்கடுக்காகப் பிரியும். பனிட்சா, புரெக் வகைகளில் ஒவ்வொரு அடுக்கும் முதலிலிருந்தே தனி மாவுத் தாள். புரெக் கடைகளில் எண்ணெய் தடவிய மாவை மேஜைமேல் வீசி வீசி விரிப்பதைப் பார்த்தால் நம் வீச்சு பரோட்டா மாஸ்டர்தான் நினைவுக்கு வருவார். பனிட்சாவுக்குப் போடும் சிரெனே, உப்புநீரில் ஊறிய வெள்ளைச் சீஸ், புளிப்பும் உப்புமாக உதிரும். மொசரெல்லா போல உருகி நூல் நூலாக இழுபடாது.

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிதான் (அங்கே பாட்டியைப் பாபா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்) எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கிண்ணத்துத் தயிரில் அரை ஸ்பூன் ஆப்பசோடா போடுவார், அது புஸ்ஸென்று நுரைத்து விளிம்புவரை ஏறும், உடனே முட்டையையும் உதிர்த்த சிரெனேயையும் கலந்துவிடுவார். ஒரு தாள், அதன்மேல் வெண்ணெய், கொஞ்சம் கலவை, அப்புறம் தாளைத் தளர்வாகச் சுருட்டித் தட்டின் நடுவிலிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே வருவார். இறுக்கிச் சுருட்டினால் என் கையைத் தட்டிவிடுவார், உள்ளே வேகாதாம்.

போஸ்னியாவின் சரயேவோவில் ஒரு கடையில் நான் ‘சீஸ் புரெக்’ என்று கேட்டதற்கு, புரெக் என்றால் இறைச்சி மட்டும்தான், சீஸ் வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது செல்யானிட்சா என்று பொறுமையாகத் திருத்திவிட்டுத்தான் கொடுத்தார்கள். சந்தகையை இடியாப்பம் என்றால் எங்கள் கோயம்புத்தூரில் விடுவோமா? ஆனால் பக்கத்திலேயே இருக்கும் செர்பியாவில் சீஸ் வைத்ததும் புரெக்தான். தாள்களைக் கலவையில் முக்கிக் கசக்கிப் போட்டுச் சுடும் கிபானிட்சாவும் அவர்களுடையது. அதே பெயரில் ஸ்லோவேனியாவின் பிரேக்முரே பகுதியில் செய்வது இனிப்பு, கசகசா, வால்நட், ஆப்பிள், பாலாடைக்கட்டி என்று அடுக்கடுக்காக இருக்கும். துருக்கியின் சு பொரெயியில் தாள்களைக் கொதிநீரில் ஒரு நிமிஷம்போல வேகவைத்துக் குளிர்ந்த நீரில் போட்டெடுத்துத்தான் அடுக்குவார்கள், சு என்றால் தண்ணீர். எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான், மேலே மொறுமொறுப்பு, உள்ளே வழவழவென்று இருக்கும்.

இன்னொன்று, இந்தப் பலகாரம் துருக்கி அரண்மனையில் பிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். புரெக் என்ற பெயர் துருக்கியிலிருந்து வந்தது, சரி. ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமின் அரசியல்வாதியும் எழுத்தாளருமான கேட்டோ, மாவுத் தாள்களுக்கு நடுவே சீஸும் தேனும் வைத்து அடுக்கும் ‘பிளாசென்டா’வுக்குச் செய்முறை எழுதியிருக்கிறார். ருமேனியர்களின் பிளாசிந்தா அந்தப் பெயர்தான்.

நம் ஊரில் செய்கிறவர்களுக்காக இதையும் அச்சிடுங்கள்: ஃபெட்டா கிடைத்தால் அதைப் போடலாம், இல்லையென்றால் பனீரை உப்புநீரில் ஒரு இரவு ஃபிரிட்ஜில் ஊறவைத்து உதிர்த்து, புளித்த கெட்டித் தயிர் சேர்த்தால் ருசி ஓரளவு கிட்ட வரும். நான் இங்கே அப்படித்தான் செய்கிறேன்.

டிசம்பர் இதழில் பனிட்சாவைத் தனியாகப் போட முடியுமா? 31ஆம் தேதி ராத்திரி அங்கே வீட்டுக்கு வீடு அதைச் செய்வார்கள். ‘ஆரோக்கியம்’, ‘பயணம்’, ‘புது வீடு’ என்று சீட்டெழுதி உள்ளே மறைத்து வைப்பார்கள், மொட்டு விட்ட த்ரியான் மரக்குச்சியும் வைப்பதுண்டு. நம் ஊரில் அந்தக் குச்சிக்கு எங்கே போவது, சீட்டு போதும்.

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்