‘கேலி’ என்று தலைப்பிடுமுன்

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைகள், வானொலிகள், இணையத்தளங்களின் ஆசிரியபீடங்களுக்கு,

வணக்கம். கேலி, ஏளனம், அவமதிப்பு, அவமானம் ஆகிய சொற்கள் உங்கள் செய்திகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்காருகின்றன. ஒப்புநோக்கலிலும் மொழிபெயர்ப்பிலும் இருக்கும் எங்களால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தமிழ் இவற்றைக் கலக்கவில்லை. நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக எள்ளலை (கேலியை) சொல்லும் தொல்காப்பியம், இழிவுணர்வாகிய இளிவரலைத் தனி மெய்ப்பாடாகவே (உடலில் வெளிப்படும் உணர்ச்சியாகவே) வைக்கிறது. பேச்சும் அப்படித்தான். பகிடி விடுகிறோம், நக்கல் அடிக்கிறோம், கேலி செய்கிறோம். எல்லாம் செய்கிறவரின் வேலை. ‘அவமானப்பட்டார்’ என்போம், ‘கேலிப்பட்டார்’ என்று யாரும் சொல்வதில்லை. கேலிக்கு இருவர் போதும். மானக்கேட்டுக்கோ பார்த்துக்கொண்டு நிற்க நாலு பேர் வேண்டும். சந்தி சிரித்தது என்பதும் மானம் கப்பலேறியது என்பதும் அதனால்தான்.

பொய்யைப் பரப்பிப் பெயரைக் கெடுத்தால் அது அவதூறு. நீதிமன்றுக்கோ பதவிக்கோ உரிய மதிப்பைக் கொடுக்காவிட்டால் அவமதிப்பு. நடையையோ பேச்சையோ சொல்லிச் சிரித்தால் கேலி. ஆளையே தாழ்த்தும் எண்ணம் தெரிந்தால் ஏளனம்.

‘புதிய மாணவனை முழந்தாளிட வைத்துக் கேலி’ என்று எழுதாதீர்கள். அது ‘ராகிங்’ எனப்படும் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உடற்காயத்தோடு மன வேதனையையும் அச்சத்தையும் அதற்குள் அடக்கி, இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை விதிக்கிறது. ‘பகிடி’ காதில் மென்மையாக விழும் சொல். தலைப்பில் இடம் போதாதென்று ‘வதை’யை வெட்டிவிட்டால் குற்றமே விளையாட்டாகிவிடும்.

எங்களை அதிகம் உறுத்துவது ‘பஸ்ஸில் யுவதி மானபங்கம்’ என்ற தலைப்பு. மானம் பங்கப்பட்டதென்றால் குறை அவளிடம் வந்து ஒட்டிக்கொள்கிறது. செய்தவன் வாக்கியத்திலேயே இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுகூட 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு பாலியல் தொந்தரவு பற்றியதாக மாறிவிட்டது. ‘பஸ்ஸில் யுவதிக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்தவர் கைது’ என்று எழுதலாமே. அதேபோல ‘அவமானத்துக்குள்ளான பெண்’ என்பதை ‘பெண்ணை அவமானப்படுத்தியவர்’ என்று திருப்புங்கள். வினை செய்தவனிடம் போய்ச் சேரும்.

இரவுப் பதிப்பு அவசரத்தில் அகராதி புரட்ட யாருக்கும் நேரமிராது. இந்தச் சொற்களையும் பொருளையும் ஒரே தாளில் அச்சிட்டு, தலைப்பு எழுதுபவரின் மேசைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலுள்ள தமிழ் ஒப்புநோக்குநர், மொழிபெயர்ப்பாளர் சிலர்